சங்கமித்ராவின் ஊசிகளை எங்கே போடுவது

சங்கமித்ரா பெரியம்மா குடிக்க மாட்டார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அவருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். ஸ்கேன் எடுத்த இடத்தில் கேட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எங்கள் தெருவில் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். "புருஷன் தினம் ஊத்திக்கினு வரான், இவ மட்டும் சும்மா பாத்துனு இருந்திருப்பாளா?" என்று குழாயடியில் பேசியதை நானே கேட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "எஷ்டு வர்ஷதிந்த குடீதீரா?" என்று கன்னடத்தில் கேட்டார். எத்தனை வருஷமாகக் குடிக்கிறீர்கள் என்று. குடிப்பீர்களா என்றுகூட இல்லை.

பெரியம்மா, "தண்ணிதான் குடிக்கறேன். அதுவும் ரெண்டு நாளைக்கு ஒரு தபாதான் வருது" என்றார்.

பக்கத்தில் நின்ற முனிராஜ் பெரியப்பாவுக்குத் தாங்கவில்லை. "சார், குடிக்கறது நானு. வந்தது இவளுக்கு. வேணும்னா என் ஈரலைப் பாருங்க, கல்லு மாதிரி இருக்குது" என்று சட்டையைத் தூக்கிவிட்டார். செக்யூரிட்டி வந்து அவரை வெளியே கூட்டிக்கொண்டு போனார். இது சிரிப்புக் கதையாக எங்கள் தெருவில் பரவியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெரியம்மா எனக்கு ரத்த சம்பந்தம் இல்லை. என் அம்மா எல்லம்மாவும் அவரும் ஒன்றாகத் தெருப் பெருக்கும் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் அவர் வீட்டுச் சுவரும் எங்கள் வீட்டுச் சுவரும் ஒன்றுதான். இந்தப் பக்கம் குழம்பு கொதித்தால் அந்தப் பக்கம் தட்டு எடுத்து வைப்பார்கள்.

அவர்கள் வீடு பௌத்த வீடு. அவர் அப்பா மில்லில் வேலை செய்தவர். முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்ததும், யோசித்து, நாலு பேரைக் கேட்டு, சங்கமித்ரா என்று பெயர் வைத்தாராம். அந்தப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் யாரும் ஒழுங்காகக் கூப்பிடவில்லை. வேலையில் மேஸ்திரி இன்றுவரை "சங்கீதா" என்றுதான் கூப்பிடுகிறார். பெரியம்மா ஒவ்வொரு தடவையும் "சங்கமித்ரா" என்று திருத்துவார். "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்பார் மேஸ்திரி. "அப்போ உங்களை மாதேவான்னு கூப்பிடறேன், ரெண்டும் ஒண்ணுதானே மாதப்பா அண்ணா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டார். அதற்குத் தண்டனையாகத் திருவிழா வாரம் முழுவதும் சந்தைப் பக்கம் பெருக்கப் போட்டார்கள்.

மில் மூடியபோது பெரியம்மாவுக்குப் பதினேழு வயது. துடைப்பம் எடுத்தார். அப்போது கையுறை கிடையாது. இப்போது கொடுக்கிறார்கள், ஆனால் நம்மூர் எவர்சில்வர் கடையில் கொடுக்கும் பையைவிட மெல்லிசு. கசம் என்றுதான் நாங்கள் குப்பையைச் சொல்வோம். கசத்தில் என்னென்ன இருக்கும் என்று அதைக் கட்டிப் போடுகிறவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பம் இல்லை. பிளேடு இருக்கும். உடைந்த டம்ளர் இருக்கும். குழந்தையின் நாப்கினுக்குள் சுற்றி இன்சுலின் ஊசி இருக்கும். வீட்டுக்குள் நோயாளி இருக்கிறார் என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாதாம், அதனால் சுற்றி மறைத்துப் போடுவார்களாம். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. பெருக்குகிறவரின் விரலுக்குத் தெரியும்.

பெரியம்மாவுக்கு எத்தனை முறை குத்தியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. "கொசு கடிச்சா யாராவது எண்ணுவாங்களா?" என்பார். குத்தினால் விரலை வாயில் வைத்து உறிஞ்சித் துப்பிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடிப்பார்.

ஒரு முறை அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் காண்ட்ராக்டர் தடுப்பூசி முகாம் வைத்தார். மஞ்சள் காமாலைக்கு ஊசி. பேனர் கட்டி, எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, போட்டோ எடுத்தார்கள். அந்த ஊசி ஒரு முறை போட்டால் போதாது, மறுபடி மறுபடி போட வேண்டும். மறுபடி யாரும் வரவில்லை. போட்டோ மட்டும் ஆபீஸில் மாட்டியிருக்கிறது. என் அம்மா அதில் முன் வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

*

பெரிய ஆஸ்பத்திரியில் பெரியம்மாவிடம் குடியைப் பற்றிக் கேட்காத ஒரே ஆள் டாக்டர் ஸ்வர்ணா. அவர் தமிழ்க்காரர். மல்லேஸ்வரத்தில் பல காலமாக இருக்கும் குடும்பம். ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "இது குடியினால வந்தது இல்லைம்மா. காமாலை வைரஸ். பல வருஷமா உங்க உடம்புக்குள்ளயே இருந்திருக்கு. அது ஈரலைக் கெடுத்து, கெடுத்து, இங்க கொண்டு வந்து விட்டிருக்கு" என்றார்.

"ஊசி குத்தினதால வந்ததா மேடம்?"

"இருக்கலாம். பிறக்கும்போதே அம்மாகிட்ட இருந்து வந்திருக்கவும் கூடும். இப்போ நிரூபிக்க முடியாது."

நிரூபிக்க முடியாது. அந்த வார்த்தை என் காதில் நெடுநாள் இருந்தது. டாக்டர் பொய் சொல்லவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் நிரூபிக்க முடியாத ஒன்றினால் எத்தனை பேருக்கு நிம்மதி என்று நினைத்தால் ரத்தம் கொதிக்கிறது.

கட்டியை வெட்டி எடுக்கிற நிலை தாண்டிவிட்டது. டாக்டர் ஸ்வர்ணா ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து காட்டினார். "கீமோ மருந்தைத் தொடையில இருக்கற ரத்தக்குழாய் வழியா நேரா கட்டிக்கே அனுப்புவோம். அது கட்டியை அடிக்கும். ஆனா கொஞ்சம் தப்பிச்சுடும். அதுதான் மறுபடி வளரும். அதனால கூடவே இன்னொரு மருந்து, பெப்டைடுன்னு பேரு. புரோட்டீனை ஒரு நீளமான சங்கிலின்னு வெச்சுக்கோங்கோ, இது அதுல ஒரு துண்டு, அவ்வளவுதான். நோயோட சண்டை போடற ஆளுங்க உங்க உடம்புலயே இருக்காங்க. அவங்க தூங்கறாங்க. இது அவங்களைத் தட்டி எழுப்பும்."

"ரெண்டும் சேந்து என்னையே தூக்கிடாதே?"

டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "ரெண்டையும் சேத்துக் குடுத்தா, கீமோ மட்டும் குடுக்கறதைவிட நல்லதான்னுதான் இந்த ஆராய்ச்சியில பாக்கறோம். நல்லதா இருக்கும்னு நினைக்கறோம். இன்னும் முழுசாத் தெரியாது. நீங்க வேண்டாம்னு சொன்னாலும் கீமோ கிடைக்கும்."

பெரியம்மா அந்தப் படத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்தார். "எழுப்பிப் பாப்போம் மேடம்" என்றார்.

கீமோ ஆஸ்பத்திரியில். பெப்டைடு ஊசி வீட்டில், வாரத்துக்கு இரண்டு, வயிற்றுத் தோலுக்கு அடியில், தானே போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து ஏற்கெனவே ஊசிக்குள் அடைத்தே வரும். ஒவ்வொன்றிலும் ஒரு நீலச் சீட்டு ஒட்டியிருக்கும், அதில் பெரியம்மாவின் ஆராய்ச்சி நம்பர். குளிரில் வைக்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் தயிருக்கு மேல் தட்டில் வைத்தோம்.

ஊசி போடக் கற்றுக்கொடுத்தவர் ரித்விக். ஆராய்ச்சி வேலைகளைக் கவனிக்கும் இளைஞர். நல்ல பையன் மாதிரிதான் பேசுவார். பஞ்சு, துடைக்கும் விதம், தோலைக் கிள்ளிப் பிடிக்கும் விதம் எல்லாம் பொறுமையாகக் காட்டினார். முடிந்ததும் பெரியம்மா கேட்டார்.

"போட்ட ஊசியை எங்க சார் போடறது?"

"ஒரு வாட்டர் பாட்டில்ல போட்டு, டைட்டா மூடி, டிரை வேஸ்ட்ல போட்டுடுங்க ஆன்ட்டி."

பெரியம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன், யாராவது மாடியிலிருந்து கசத்தை வீசும்போது. "பாட்டில்லயா? அது கசம் எடுக்கறவங்க கைக்குத்தானே வரும். நீங்களே வாங்கிக்குங்க. திரும்பி வரும்போது கொண்டாந்து குடுக்கறேன்."

"வீட்டுல யூஸ் பண்ணதை இங்க எடுக்க ப்ரொசீஜர் இல்ல ஆன்ட்டி."

ஒன்று சொல்ல வேண்டும். பெருக்குகிறவர்கள் பிளாஸ்டிக் பாட்டிலைக் கசத்தோடு விட மாட்டார்கள். தனியாக எடுத்து, காலால் மிதித்துத் தட்டையாக்கி, சாக்கில் சேர்த்து, பழைய சாமான் கடையில் போடுவார்கள். காலை டீயும் பன்னும் அதிலிருந்துதான். எங்கள் வார்டில் எல்லோரும் அப்படித்தான். பாட்டிலில் ஊசியைப் போட்டு வீசினால், அது கசத்தில் காணாமல் போகாது. முதலில் எடுக்கப்படுவதே அதுதான்.

பெரியம்மா ஒரு பெரிய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊசிகளைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அது நிறைந்துகொண்டு வந்தது. கீமோவுக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போனார். நர்ஸ் வாங்கவில்லை. கசம் அள்ளும் அக்கா, "சூபர்வைசர் திட்டுவாரு" என்றார். வாசலில் செக்யூரிட்டி, "இத உள்ள எப்படிக் கொண்டு வந்தீங்க?" என்று அதட்டினார். பெரியம்மா வயிற்றில் கட்டியோடு, வாந்தியை அடக்கிக்கொண்டு, அந்தப் பாட்டிலைத் திரும்பப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்து போய்விட்டாள்.

அன்று பெரியம்மா சொன்னார்: "இத அவங்க எடுத்துக்கற வரைக்கும் நான் ஊசி போட்டுக்க மாட்டேன்."

நாங்கள் எல்லோரும் சண்டை போட்டோம். நானும் போட்டேன். ரித்விக் போன் செய்து, "டோஸ் மிஸ் ஆயிட்டே இருந்தா ஆராய்ச்சியில இருந்து எடுத்துடுவாங்க ஆன்ட்டி" என்றார். என் அம்மா வாசலில் நின்று கத்தினாள்.

"ஏண்டி, ஊரு முழுக்க ஊசி வீசறான். உன் ஊசி ஒண்ணு சேந்தா கசம் ரொம்பி பூடுமா? போட்டுக்கினு உயிரோட இருடி!"

"உன் கால்ல குத்தினா?"

"என் காலு மாடு குளம்பு மாதிரி. அதுல எதுவும் எறங்காது. போட்டுக்கடி."

"மாட்டேன்."

"அப்போ சாவு!" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே வந்து அழுதாள்.

முனிராஜ் பெரியப்பா சண்டை போடவில்லை. அவர் பயந்துவிட்டார். குடியை முழுதாக விட்டிருந்தார் அப்போது. கை நடுங்கும், அதை மறைக்க எதையாவது பிடித்துக்கொண்டே இருப்பார். ஒரு வாரம் ஊசி தவறியது. ஒரு நாள் சாயங்காலம் அவர் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆஸ்பத்திரியில எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் இருக்கான். மைக்கேல்ராஜ்னு. பின்னாடி கேட்டுல வாங்கிக்கறேன்னு சொல்லிருக்கான். கவலைப்படாத, நீ போட்டுக்க" என்றார். திரும்பி வரும்போது பை காலி.

"வாங்கிக்கினானா?"

"வாங்கிக்கினான்."

பெரியம்மா அன்றைக்கே எங்கள் வீட்டுக்கு வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து, ஊசியை எடுத்து, நாற்காலியில் உட்கார்ந்து போட்டுக்கொண்டார். அம்மா அவருக்கு ராகிக் கூழ் ஊற்றிக் கொடுத்தாள்.

*

பெரியம்மா லீவில் போனதிலிருந்து அவருடைய தெருக்களையும் சேர்த்து என் அம்மாதான் பெருக்கினாள். அங்கே ஒரு சந்து முனை இருக்கிறது, வண்டி வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் எல்லோரும் கசத்தைக் கொட்டும் முனை. மறுநாள் காலை அங்கே பெரிய பாட்டில் ஒன்று கிடந்தது. செய்தித்தாளில் சுற்றியிருந்தது. அம்மா எடுத்துக் கீழே போட்டு மிதித்தாள். மாட்டுக் குளம்பு என்றாளே, அந்தக் காலில், ரப்பர் செருப்பைத் தாண்டி இறங்கியது.

நொண்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பாட்டிலைக் கையோடு கொண்டு வந்திருந்தாள், எவன் என்று கண்டுபிடித்து அவன் வீட்டு வாசலில் கொட்டப் போவதாகத் திட்டிக்கொண்டே. நான் சோப்புப் போட்டுக் காலைக் கழுவினேன். சத்தம் கேட்டுப் பெரியம்மா வந்தார். பாட்டிலைப் பார்த்தார். பிளந்த இடத்தில் நீலச் சீட்டு ஒட்டிய ஊசிகள் தெரிந்தன. அவருக்கு எதையும் படிக்கத் தேவை இருக்கவில்லை.

பெரியப்பா அவருக்குப் பின்னால் நின்றிருந்தார்.

"யோவ்" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

"அவன் வாங்கல சங்கா. கேட்டையே தொறக்கல. நான் சுத்தி சுத்தி வந்தேன். வீட்டுக்குத் திரும்பிக் கொண்டாந்தா நீ ஊசியை நிறுத்திடுவே. அதான்... யாரும் பாக்காத எடமாப் பாத்து..."

"யாரும் பாக்காத எடமா? நான் பெருக்கற பீட்டுல, என் முனையில போட்டிருக்கியே! பாட்டிலை மிதிப்பாங்கன்னு உனக்குத் தெரியாதா? உன் அம்மாவும் கசம் அள்ளினவதானே?"

பெரியப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரை அடிக்கக்கூட இல்லை. அவள் முகம் வெளுத்துவிட்டது. ஏனென்றால் அது யாருடைய ரத்தம் பட்ட ஊசி, அந்த ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டோ பிடித்துப் போனோம். எமர்ஜென்சியில் ஒரு டாக்டர் அம்மாவின் காலைப் பார்த்துவிட்டு, "கசத்துல இருந்த ஊசியா? அப்போ யாருதுன்னு தெரியாது. 'அன்னோன்'னு போட்டுக்கறேன்" என்றார்.

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "போடாதீங்க. என் ஊசி. என் பேரு சங்கமித்ரா. மாடியில டாக்டர் ஸ்வர்ணாகிட்ட என் ரத்தத்தோட எல்லா ரிப்போர்ட்டும் இருக்குது. பாத்துட்டு இவளுக்கு என்ன வேணுமோ அதைப் போடுங்க."

டாக்டர் ஸ்வர்ணாவே இறங்கி வந்தார், கூடவே ரித்விக்கும். விஷயத்தைக் கேட்டதும் ரித்விக்கின் முகம் மாறியது. "இதை நான் ஆராய்ச்சியைக் கண்காணிக்கற கமிட்டிக்கு ரிப்போர்ட் பண்ணணும் ஆன்ட்டி. உங்களை நிறுத்தச் சொன்னாலும் சொல்லுவாங்க. நீங்க சொல்லாம இருந்திருந்தா..."

"சொல்லாம இருந்திருந்தா இவளுக்கு என்ன போடறதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியம்மா. "எழுதிக்குங்க. நீங்க நிறுத்த வேணாம், நானே நிறுத்திக்கறேன். இதுக்கு ஒரு வழி இல்லாம இனிமே ஒரு ஊசி என் வயித்துல எறங்காது. செத்தாலும் சரி."

டாக்டர் ஸ்வர்ணா ரித்விக் பக்கம் திரும்பினார். "மருந்துக் கம்பெனிக்காரா ஊசி போடறதுக்கு டப்பா அனுப்பியிருந்தாளே, அது எங்க?"

ரித்விக் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். மாடிக்குப் போய் ஒரு பீரோவைத் திறந்தார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். உள்ளே வெள்ளை டப்பாக்கள், தடித்த பிளாஸ்டிக், ஒன்றின் மேல் ஒன்றாக. மேலே வாய் மாதிரி ஒரு துளை. ஊசியை உள்ளே போட்டால் வெளியே எடுக்க முடியாது, மிதித்தாலும் உடையாது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒன்று என்று மருந்தோடு சேர்த்தே வந்தவை. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"திரும்ப வாங்கிட்டுப் போற ஏஜென்சியோட அக்ரிமென்ட் இன்னும் சைன் ஆகல. அதனாலதான் குடுக்கல" என்றார் ரித்விக், என்னைப் பார்க்காமல்.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீமோவையும் பெப்டைடையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று கண்டுபிடிக்க எத்தனை பெரிய மூளைகள் வேலை செய்கின்றன! ஒரு டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்து ஒரு பெண்ணின் கையில் கொடுக்க ஒரு கையெழுத்து இல்லை. டப்பாவை மறுபடி வாங்கிக்கொள்ள ஆள் இல்லையாம். பாட்டிலை வாங்கிக்கொள்ள என் அம்மா இருந்தாள், அதனால் யாருக்கும் அவசரம் இல்லை.

டாக்டர் ஸ்வர்ணாவும் மேலே வந்து வாசலில் நின்றிருந்தார். "டப்பா வந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கெல்லாம் குடுத்தாளான்னு நான் கேக்கலை" என்றார். அதற்கு மேல் அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரிடமும் கத்தியிருப்பேன்.

அம்மாவுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். ஒன்று வைரஸை உடனே தடுப்பதற்கு, இன்னொன்று தடுப்பூசி, மறுபடி முதலிலிருந்து. பெரியம்மா வைரஸுக்கு மாத்திரை சாப்பிடுவதால் ஆபத்து சின்னதுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

பிறகு பெரியம்மா மாடிக்கு வந்து ரித்விக்கிடம் ஒன்றுதான் கேட்டார். "வெளிய பெஞ்சுல உக்காந்துனு இருக்காங்களே, அவங்களும் வீட்டுல ஊசி போட்டுக்கறவங்கதானே? அவங்களுக்கும் குடுங்க. இப்பவே. நான் பாக்கணும்." ரித்விக் டப்பாக்களை அள்ளிக்கொண்டு போய் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். நிறைந்ததும் தன்னிடமே கொண்டு வரச் சொன்னார். கையெழுத்து ஆகிற வரை தான் வைத்துக்கொள்வதாக. ஆக, வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது.

கமிட்டி பெரியம்மாவை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியிடம்தான் விளக்கம் கேட்டது.

போன வாரம் ஸ்கேன் வந்தது. கட்டி வளரவில்லை. சுருங்கவும் இல்லை. இந்த நோயில் இதுவே நல்ல சேதி என்றார் டாக்டர் ஸ்வர்ணா. கீமோவினாலா, பெப்டைடினாலா, இரண்டும் சேர்ந்ததினாலா என்று இன்னும் சொல்ல முடியாதாம். அம்மாவின் கடைசி ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

ஸ்கேன் சேதியைச் சொல்லப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வளரலையா? அப்போ இன்னாத்துக்கு வீட்டுல உக்காந்துனு இருக்கே? வா வேலைக்கு. உன் தெருவையும் சேத்து நானே பெருக்கறேன், இடுப்பு ஒடையுது."

"வரேன்டி. வந்து உன்னை முதல்ல பெருக்கறேன்."

"வந்துதான் பாரேன்."

பெரியம்மா ஃபிரிட்ஜைத் திறந்து ஊசியை எடுத்தார். போட்டுக்கொண்டு டப்பாவில் போட்டார். நிறைந்த டப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது முனிராஜ் பெரியப்பாவின் வேலை. அவர் அதை வாங்கிக்கொள்ள எங்கள் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரவில்லை. "எல்லம்மா, காலு எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி, குழாயடிக்குப் போனாள்.